டெக்சாஸ் எல்லைச் சுவர்: மாநிலம் போட்ட 300 கோடி டாலர் எங்கே போனது?

ஹூஸ்டன் குமரன்:
நம் வாட்ஸாப் குழுக்களில் இந்தப் பேச்சு வந்தாலே அரை மணி நேரத்தில் சண்டையாகி, யாராவது குழுவை விட்டு வெளியேறிவிடுகிறார்கள். அதனால் இங்கே இழை திறக்கிறேன். குடியேறிகள் வரலாமா கூடாதா என்பது வேறு விவாதம், அதற்கு வேறு இழை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு வேண்டியது பணக் கணக்கு மட்டும்.

தெரிந்ததைச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் ஆளுநர் கிரெக் ஆபட், மாநிலத்தின் சொந்த எல்லைப் பாதுகாப்புத் திட்டமான 'ஆபரேஷன் லோன் ஸ்டார்' தொடங்கினார். அந்த ஜூனிலேயே மெக்சிகோ எல்லையில் மாநிலமே சொந்தமாகச் சுவர் கட்டும் என்று அறிவித்து, சிறைத் துறைக்குப் போட்டிருந்த பணத்திலிருந்து 25 கோடி டாலரை முன்பணமாக இந்தப் பக்கம் திருப்பினார். பிறகு சட்டமன்றம் ஒதுக்கிக்கொண்டே போனது. மொத்தத் திட்டத்துக்கு 1,100 கோடி டாலருக்கு மேல், அதில் சுவருக்கு மட்டும் 300 கோடிக்கு மேல். 2025இல் நிறைவேறிய 2026–27 பட்ஜெட்டில் சுவருக்குப் புதிதாக ஒரு காசு இல்லை. அதுவரை கட்டி முடித்தது சுமார் 66 மைல். கட்ட வேண்டும் என்று அடையாளம் கண்டிருந்ததோ 805 மைல்.

நூற்றில் எட்டுப் பங்கு. இந்த ஊர் வரி கட்டுபவனாகக் கேட்கிறேன், மீதி எங்கே?

பாலாஜி_கேட்டி:
அண்ணா, நம் வீட்டு வரி வருஷா வருஷம் ஏறுவதற்கு இதுதான் காரணமா?

ஹூஸ்டன் குமரன்:
இல்லை தம்பி. வீட்டு வரி பள்ளிக்கூட மாவட்டத்துக்கும் கவுன்டிக்கும் நகராட்சிக்கும் போகிறது. சுவருக்குப் போனது மாநிலப் பொது நிதி. வருமான வரி இல்லாத மாநிலம் என்பதால் அதில் பெரும்பங்கு விற்பனை வரி, அப்புறம் எண்ணெய், எரிவாயு வரி. கடையில் பில் போடும்போது பிடிக்கிற 8.25 சதவீதத்தில் மாநிலத்தின் பங்கு 6.25. அந்தக் குடத்திலிருந்து எடுத்ததுதான்.

சான் ஆன்டோனியோ சேகர்:
வழக்கம்போல ஒரு பக்கமாக ஆரம்பித்துவிட்டீர்கள். 2023இல் டெக்சாஸ் சட்டமன்றம் கூடியபோது கையில் இருந்த உபரி 3,270 கோடி டாலர். அதில் கொஞ்சம் எல்லைக்குப் போட்டால் என்ன குடி முழுகிவிட்டது? 2023 டிசம்பரில் தெற்கு எல்லை முழுவதும் ஒரே மாதத்தில் இரண்டரை லட்சம் பேர் வரை எல்லைக் காவல்படையிடம் பிடிபட்டார்கள். வாஷிங்டன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஈகிள் பாஸ் என்பது முப்பதாயிரம் பேர்கூட இல்லாத ஊர். சில நாட்களில் ஆயிரக்கணக்கானோர் எல்லையான ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து அந்த ஊருக்குள் வந்தார்கள். மருத்துவமனையும் தீயணைப்பு நிலையமும் திணறின. அங்கே இருப்பவர்களிடம் போய் நூற்றில் எட்டு என்று கணக்குச் சொல்லிப் பாருங்கள்.

இன்றைக்கு ஈகிள் பாஸ் அடங்கிய டெல் ரியோ எல்லைக் காவல் பகுதி வெறிச்சோடிக் கிடக்கிறது. அது தானாக நடக்கவில்லை.

சிவில்காரன்:
கட்டுமானத்தில் இருப்பவன் என்பதால் முதலில் கணக்கைப் பார்க்கிறேன். 300 கோடியை 66 ஆல் வகுத்து ஒரு மைலுக்கு இவ்வளவு என்று சொல்லிவிடக் கூடாது. ஒதுக்கீடு வேறு, செலவு வேறு. ஒப்பந்தம் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிற மைல்களும் அந்தப் பணத்துக்குள்ளேயே வரும். கட்டுமானம் மட்டும் பார்த்தால் மைலுக்கு இரண்டரை முதல் மூன்று கோடி டாலர். 30 அடி உயர எஃகுத் தூண்கள், அடியில் கான்கிரீட் அஸ்திவாரம், பக்கத்தில் ரோந்துச் சாலை. பொறுப்பு டெக்சாஸ் வசதிகள் ஆணையத்திடம். சாதாரணமாக மாநில அரசுக் கட்டடங்களைக் கட்டிப் பராமரிக்கிற அமைப்பு அது.

ஆனால் இங்கே பிரச்சினை எஃகோ கான்கிரீட்டோ இல்லை. நிலம்.

டெக்சாஸ் நிலத்தில் கிட்டத்தட்ட 95 சதவீதம் தனியார் கையில். அரிசோனா, நியூ மெக்சிகோ, கலிபோர்னியா மூன்றிலும் எல்லையோரப் பொது நிலத்தில் 60 அடி அகலப் பட்டை ஒன்றை 1907இலேயே ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் மத்திய அரசுக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டார். டெக்சாஸ் 1845இல் ஒன்றியத்தில் சேர்ந்தபோது தன் பொது நிலத்தைத் தானே வைத்துக்கொண்ட மாநிலம். அதனால் இங்கே அந்தப் பட்டை கிடையாது. எல்லைக் கோடு ஆற்றின் நடுவில், கரையில் யாரோ ஒருவரின் பண்ணை.

மாநிலச் சுவருக்குக் கட்டாய நில எடுப்பு அதிகாரமும் கொடுக்கப்படவில்லை. நில உரிமையாளர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் சுவர். கேட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஆக, எங்கே ஆட்கள் கடக்கிறார்களோ அங்கே சுவர் எழவில்லை, எங்கே கையெழுத்துக் கிடைத்ததோ அங்கே எழுந்தது. பெரிய ரான்ச்சுகளில் ஒரே உரிமையாளரிடம் பல மைல் கிடைத்துவிடும். ஊருக்குப் பக்கத்தில் ஒரு மைலுக்குள் இருபது பட்டா இருக்கும். எதை முதலில் முடிப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

லாரடோ ராஜி:
சிவில்காரன் சார் சொன்னதை நேரில் பார்த்தவள் நான். ஸ்டார் கவுன்டி பக்கம், ரியோ கிராண்டே சிட்டியைத் தாண்டிப் போனால் தெரியும். வெள்ளைச் சுண்ணாம்பு மண் ரோடு, இரண்டு பக்கமும் வேலிக்கருவை மாதிரி மெஸ்கீட் புதர். திடீரென்று மூன்று மாடி உயரத்துக்குத் துருப்பிடித்த நிறத்தில் சுவர். விரல் விட்டு எண்ணுகிற நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. முடிகிற இடத்தில் கடைசித் தூணிலிருந்து கைக்கெட்டும் தூரத்திலேயே பக்கத்துப் பண்ணையின் மாட்டு வேலி ஆரம்பிக்கிறது. நாலு இழை முள்கம்பி, மரக் கம்பம். நானே சேலையோடு தாண்டிவிடுவேன்.

என்னோடு வேலை பார்ப்பவரின் மாமனார் கையெழுத்துப் போடாதவர்களில் ஒருவர். ஆபட்டுக்கு ஓட்டுப் போடுகிறவர்தான். பணம் போதவில்லை என்பதல்ல அவர் குறை. சுவர் வெள்ளச் சமவெளிக்கு உள்ளே தள்ளித்தான் வரும், ஆற்றுப் பக்கம் இருக்கிற தன் நிலத்துக்குத் தானே கேட் திறந்து போக வேண்டும், மாடு தண்ணீருக்கு எங்கே போகும் என்று கேட்கிறார்.

சிவில்காரன்:
அது அவர் கற்பனை இல்லை மேடம். அமெரிக்காவும் மெக்சிகோவும் 1970இல் போட்ட எல்லை ஒப்பந்தப்படி, ஆற்றின் வெள்ளப் போக்கைத் திருப்புகிற எதையும் கரையில் கட்ட முடியாது. அதனால் டெக்சாஸில் சுவர் எப்போதுமே ஆற்றிலிருந்து தள்ளித்தான் நிற்கும். நடுவில் அகப்பட்ட நிலம் உரிமையாளருக்குத் தலைவலி.

தேன்கனி:
ஊரிலிருந்து படிக்கிறேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும். எல்லை என்பது மத்திய அரசு வேலைதானே? நம் ஊரில் வங்காளதேச எல்லை வேலியை மத்திய உள்துறைதான் கட்டுகிறது, மாநிலம் நிலம் எடுத்துக் கொடுப்பதோடு சரி. அங்கேயும் வேலி கோட்டிலிருந்து 150 கஜம் உள்ளே வருவதால், வேலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட வயலுக்கு விவசாயிகள் கேட் திறக்கும் நேரம் பார்த்துப் போகிறார்கள். ராஜி அக்கா சொன்னதைப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஒரு மாநிலம் தன் பணத்தில் நாட்டு எல்லையில் சுவர் கட்டுவது எந்தச் சட்டத்தில் வருகிறது?

ஹூஸ்டன் குமரன்:
நல்ல கேள்வி. குடிவரவுச் சட்டத்தை அமல்படுத்துவது மத்திய அரசின் அதிகாரம் என்று 2012இல் அரிசோனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. டெக்சாஸ் அதைச் சுற்றிக்கொண்டு போன வழி கெட்டிக்காரத்தனமானது. சட்டவிரோதமாக நாட்டுக்குள் வந்தாய் என்று பிடித்தால்தானே சிக்கல்? தனியார் நிலத்தில் அத்துமீறி நுழைந்தாய் என்று பிடித்தால் அது மாநிலக் குற்றம். டெக்சாஸ் தண்டனைச் சட்டத்தில் வேலி இருந்தாலே 'நுழையாதே' என்று அறிவித்ததற்குச் சமம். அதனால் 30 அடிச் சுவருக்கு முன்பே, உரிமையாளர் சம்மதத்தோடு பல பண்ணைகளில் சாதாரணக் கம்பிவலை வேலி போட்டார்கள். ஆளைத் தடுப்பதைவிட வழக்குப் போட உதவும் வேலி அது. எல்லை நிலைமைக்காக ஆபட் 2021 மே மாதம் வெளியிட்ட பேரிடர் அறிவிப்பு அமலில் இருக்கும் கவுன்டிகளில் தண்டனையும் கூடும். டெக்சாஸில் டில்லி (Dilley) என்ற ஊரில் இருந்த பிரிஸ்கோ சிறையைக் காலி செய்து, பிடித்தவர்களை வைக்கவே மாற்றினார்கள். கூடுதல் அரசு வழக்கறிஞர், நீதிபதி, மொழிபெயர்ப்பாளர் எல்லாம் மாநிலச் செலவு.

சுவரை மட்டும் பார்த்தால் இந்தப் பட்ஜெட் புரியாது. 1,100 கோடியில் பெரும்பகுதி ஆட்களுக்குப் போனது. மாநில போலீஸ், நேஷனல் கார்டு (ஆளுநர் அழைக்கக்கூடிய துணைப் படை) வீரர்கள், அவர்கள் சாப்பாடு, தங்குமிடம். 2022இல் மட்டும் பணம் தீரத் தீர மற்ற துறைகளிலிருந்து மாற்றினார்கள். ஜனவரியில் 48 கோடி, ஏப்ரலில் இன்னொரு 49 கோடிக்கு மேல். அந்த ஏப்ரலில்தான் ஈகிள் பாஸில் ஆற்றில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றக் குதித்த ஒரு கார்டு வீரர் மூழ்கிப் போனார். வயது 22.

சான் ஆன்டோனியோ சேகர்:
அப்படியானால் மாநிலம் சும்மா இருந்திருக்க வேண்டும் என்கிறீர்களா?

ஹூஸ்டன் குமரன்:
நான் அப்படிச் சொல்லவே இல்லை. ஆளுக்குச் செலவழித்தால் மாதாமாதம் செலவு, வேலை முடிந்தால் நிறுத்தலாம். சுவர் நிரந்தரம் என்று சொல்லி விற்றார்கள், அதுதான் பாதியில் நிற்கிறது. இதைத்தான் கேட்கிறேன்.

டூசான் மீனா:
நீங்கள் எல்லாம் டெக்சாஸைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். எங்கள் அரிசோனா கதையைக் கேட்டால் உங்கள் 66 மைல் தங்கம் என்பீர்கள்.

2022இல் எங்கள் சட்டமன்றம் எல்லை வேலிக்கு 33.5 கோடி டாலர் ஒதுக்கியது. அந்த ஆகஸ்டில் ஆளுநர் டக் டூசி, யூமாவில் சுவருக்கு இடையே இருந்த இடைவெளிகளைக் கப்பல் கன்டெய்னர்களால் அடைக்க உத்தரவு போட்டார். ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு, மேலே பிளேடு கம்பி. அடுக்கிய கொஞ்ச நாளிலேயே இரண்டு கவிழ்ந்து கிடந்தன. அப்புறம் கோச்சீஸ் கவுன்டியில், கொரனாடோ தேசிய வனத்துக்குள், 10 மைலுக்கு 9.5 கோடி டாலர் ஒப்பந்தம். அது மத்திய அரசு நிலம். மேலே சிவில்காரன் சொன்னாரே, அதே 60 அடிப் பட்டை! அந்தப் பட்டை மத்திய அரசுக்குச் சொந்தமில்லை என்று டூசி வழக்கே போட்டார்.

கன்டெய்னர் நீளமான பெட்டி, மலைச் சரிவு அதற்காக நிமிர்ந்து கொடுக்குமா? மேடு பள்ளம் வரும் இடங்களில் இரண்டு பெட்டிக்கு நடுவே முக்கோண ஓட்டை விழுந்தது. அதன் மேல் தகரத்தை வைத்து வெல்டு அடித்தார்கள். நாங்கள் சிலர் சான் ரஃபேல் பள்ளத்தாக்குக்குப் போயிருந்தோம். போராட்டக்காரர்கள் அங்கேயே கூடாரம் போட்டுப் படுத்து வேலையை நிறுத்தியிருந்தார்கள். ஜாகுவார் நடமாடும் காடு அது. நாலு மைல் போலத்தான் அடுக்கி முடிந்திருந்தது.

டிசம்பரில் மத்திய நீதித் துறை வழக்குப் போட, எல்லாவற்றையும் எடுத்துவிடுகிறோம் என்று ஒரே வாரத்தில் மாநிலம் ஒத்துக்கொண்டது. வைத்த ஒப்பந்ததாரருக்கே எடுக்கவும் பணம். வைத்தது, எடுத்தது சேர்த்து 20 கோடி டாலர் வரை. எடுத்து முடித்தபோது அங்கே மிஞ்சியது லாரித் தடம்தான்.

பாலாஜி_கேட்டி:
எடுக்கவும் அவர்களுக்கே பணமா!! நான் தப்பான தொழிலுக்கு வந்துவிட்டேன்.

சான் ஆன்டோனியோ சேகர்:
அரிசோனா செய்தது அவசரம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் டெக்சாஸ் போட்ட மிதவைகளைப் பாருங்கள். ஈகிள் பாஸில் 2023 ஜூலையில் ஆற்றுக்குள் 1,000 அடிக்கு ஆரஞ்சு உருண்டைகள். செலவு பத்து லட்சம் டாலருக்கும் கீழே. அதற்கும் பைடன் அரசு வழக்குப் போட்டது. 1899ஆம் ஆண்டின் ஆறு, துறைமுகச் சட்டத்தைத் தூசி தட்டி எடுத்து வந்தார்கள். கடைசியில் 2024 ஜூலையில் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முழு அமர்வு, வழக்கு நடக்கும்வரை மிதவை அங்கேயே இருக்கலாம் என்று சொல்லிவிட்டது. குறைந்த செலவு, வேலை செய்கிறது.

லாரடோ ராஜி:
சேகர் சார், அந்த உருண்டைகளுக்கு நடுவே ரம்பம் மாதிரிப் பல் வைத்த வட்டத் தகடு இருப்பதைக் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறீர்களா? 1,000 அடி என்பது நடந்தால் ஐந்து நிமிடம். டெக்சாஸ் எல்லை 1,254 மைல். இது எங்கே வேலை செய்கிறது? டிவியில் நன்றாக வேலை செய்கிறது.

2024 ஜனவரியில் ஈகிள் பாஸ் ஆற்றங்கரையில் இருக்கும் ஷெல்பி பூங்காவை மாநிலம் கையில் எடுத்துக்கொண்டு எல்லைக் காவல்படையையே உள்ளே விடாமல் கம்பி போட்டது. அந்த வாரமே ஒரு தாயும் இரண்டு குழந்தைகளும் அந்த இடத்தில் மூழ்கினார்கள். யார் தடுத்தார்கள், எப்போது தகவல் போனது என்று இரண்டு அரசுகளும் ஒன்றை ஒன்று கை காட்டின. பிளேடு கம்பியை மத்தியப் படை வெட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 5–4 என்று சொன்னதும் அதே மாதம்தான். ஒரு அரசு பணம் போட்டு விரித்த கம்பியை இன்னொரு அரசு பணம் போட்டு வெட்டுகிறது. இரண்டும் நம் பணம்.

சான் ஆன்டோனியோ சேகர்:
உயிர் போனதை நியாயப்படுத்த வரவில்லை. ஆனால் டெல் ரியோ பகுதியில் எண்ணிக்கை விழுந்ததை யாரும் மறுக்க முடியாது.

டூசான் மீனா:
விழுந்ததில் ஒரு பகுதி எங்கள் பக்கம் வந்தது சார். 2023 பின்பாதியில் டூசான் பகுதிதான் மிகப் பரபரப்பான பகுதி. அப்புறம் 2024 தொடக்கத்திலிருந்து மெக்சிகோ தன் பக்கத்தில் ரயில்களிலும் சாலைகளிலும் ஆட்களைத் திருப்ப ஆரம்பித்தது. ஜூனில் பைடன் புகலிடக் கட்டுப்பாடு கொண்டுவந்தார். 2025இல் ட்ரம்ப் கதவையே சாத்திவிட்டார். இத்தனைக்கும் நடுவில் 66 மைலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

கோட்_மாரி:
தொழில்நுட்பம் பற்றி யாரும் பேசவில்லையே. சுவரைவிட எனக்கு அதில்தான் ஆர்வம்.

2008இல் அப்போதைய டெக்சாஸ் ஆளுநர் ரிக் பெர்ரி எல்லையில் கேமரா வைத்து, இணையத்தில் நேரலை விட்டார். உலகத்தில் எங்கிருந்தும் யாரும் உட்கார்ந்து பார்த்து, சந்தேகம் வந்தால் மின்னஞ்சல் அனுப்பலாம். நடத்தியது எல்லை ஷெரிஃப்களின் கூட்டமைப்பு, பணம் ஆளுநர் அலுவலக மானியம். முதல் இரண்டு ஆண்டில் 40 லட்சம் டாலர் செலவு, கைது 26. ஒரு கைதுக்கு ஒன்றரை லட்சம் டாலர். பார்த்தவர்கள் அனுப்பியதில் பாதி மாடும் மானும்தான் என்று கேலி செய்வார்கள்.

அதே டெக்சாஸில் 2012இல் மாநில போலீஸ் தொடங்கிய 'டிராபிரிட்ஜ்' திட்டம் நேர் எதிர். வேட்டைக்காரர்கள் மான் தடத்தில் கட்டுகிற கேமரா இருக்கிறதே, விலை சில நூறு டாலர், அதையே கொஞ்சம் மாற்றி, பண்ணைக்காரர் அனுமதியோடு மரத்தில் கட்டினார்கள். ஏதாவது அசைந்தால் படம் எடுத்து உடனே அனுப்பும். அவ்வளவுதான். யாரும் முன்னால் நின்று ரிப்பன் வெட்ட முடியாது, ஆனால் இன்றுவரை ஓடுகிறது.

மத்திய அரசும் பாடம் படித்த கதை இருக்கிறது. போயிங்கிடம் 2006இல் கொடுத்த எஸ்பிஐநெட், ரேடார் கோபுரங்கள் வைத்து எல்லை முழுவதையும் திரையில் பார்ப்பதாகத் திட்டம். நூறு கோடி டாலர் செலவழித்து அரிசோனாவில் 53 மைலோடு நின்றது. 2011 ஜனவரியில் மூடினார்கள். வாங்கினால் மட்டும் போதாது, பராமரிக்க ஆள் வேண்டும். 2024 அக்டோபரில் வெளியான ஒரு உள்குறிப்பின்படி எல்லைக் காவல்படையின் கோபுரங்களில் 500 கேமராவுக்கு 150 வேலை செய்யவில்லை. வாங்குகிற பட்ஜெட்டுக்கு நாலு பேர் சண்டை போடுவார்கள், லென்ஸ் மாற்றுகிற பட்ஜெட்டுக்கு ஒருவர்கூட வர மாட்டார். ஐடியில் இருக்கிற நமக்கு இது தெரியாததா?

சிவில்காரன்:
சுவருக்கும் அதே கதைதான் மாரி. கடையில் கிடைக்கிற சாதாரண மின்ரம்பத்தால் தூணை அடியில் அறுத்துவிடுவார்கள். மத்திய அரசு கட்டிய சுவரில் 2019 முதல் 2021 வரை மூன்று நிதியாண்டில் மூவாயிரம் தடவைக்கு மேல் அப்படி அறுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் வெல்டர், லாரி, காவலுக்கு ஆள். மாநிலச் சுவரில் இந்த வேலை நிரந்தரமாக மாநிலத்தின் தலையில். சுவருக்குப் புதுப் பணம் இல்லை என்று பட்ஜெட் சொன்னாலும், நிற்கிற 66 மைலுக்குச் செலவு நிற்காது.

மட்டுறுத்துநர்:
இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். கட்சித் தலைவர்களைப் பட்டப்பெயர் சொல்லி எழுத வேண்டாம். இழை நன்றாகப் போகிறது, கெடுக்காதீர்கள்.

பாலாஜி_கேட்டி:
பொதுமக்கள் நன்கொடையிலும் சுவர் கட்டினார்களே, அது என்ன ஆனது?

ஹூஸ்டன் குமரன்:
ஐந்தரைக் கோடி டாலருக்குக் கொஞ்சம் குறைய வந்தது. அதில் 5.3 கோடி ஒரே ஆள், வயோமிங்கில் வசிக்கும் கோடீஸ்வரர் திமோத்தி மெலன், 2021 ஆகஸ்டில் பங்குகளாகக் கொடுத்தது. அவரை எடுத்துவிட்டால் 'பொதுமக்கள்' கொடுத்தது அரை மைலுக்குக்கூட வராது.

தேன்கனி:
கடைசியாக ஒன்று. மாநிலம் செலவழித்ததை மத்திய அரசு திருப்பித் தருகிறது என்று படித்தேனே?

ஹூஸ்டன் குமரன்:
2025 ஜனவரியில் ஆபட் 1,110 கோடி டாலர் கேட்டு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 4இல் ட்ரம்ப் கையெழுத்திட்ட பெரிய மசோதாவில் மாநிலங்களுக்குக் கொடுப்பதற்கென்றே இரண்டு நிதிகளாக 1,350 கோடி வைத்தார்கள். 2021 ஜனவரி 20க்குப் பிறகு செய்த செலவைக் கேட்கலாம். பைடன் பதவியேற்ற நாள் அது, தற்செயல் என்று யாரும் நம்ப மாட்டார்கள். அதே மசோதாவில் மத்திய அரசின் சொந்தச் சுவருக்கு 4,650 கோடி தனியாக.

எனக்கு இதுதான் உறுத்துகிறது. செலவழிக்கும்போது டெக்சாஸின் முடிவு, டெக்சாஸின் உபரி. பில் வரும்போது ஓஹியோக்காரரும் மின்னசோட்டாக்காரரும் சேர்ந்து கட்டுகிறார்கள். அவர்கள் யாரும் ஸ்டார் கவுன்டி ரான்ச்சில் சுவர் வேண்டும் என்று ஓட்டுப் போடவில்லை.

சான் ஆன்டோனியோ சேகர்:
எல்லை நாட்டுக்கே சொந்தம், அதனால் நாடே கட்டட்டும். மத்திய அரசு வேலை என்று நீங்கள்தானே 2012 தீர்ப்பைக் காட்டினீர்கள்? அவர்கள் வேலையை நாம் செய்தோம், கூலி கேட்கிறோம்.

ஹூஸ்டன் குமரன்:
அது சரியான அடி, பதில் உடனே வரவில்லை. ஆனால் வேலை கொடுத்தவர் கேட்ட இடத்திலா செய்தோம் என்பது மீதி இருக்கிறது.

லாரடோ ராஜி:
உங்கள் இருவர் கணக்கும் முடிவதற்குள் எங்கள் ஊரில் அடுத்தது தொடங்கிவிடும். மாநிலத்துக்குத்தான் கட்டாய நில எடுப்பு இல்லை, மத்திய அரசுக்கு இருக்கிறது. எல்லை வேலிக்காக 2006இல் வந்த மத்தியச் சட்டத்துக்குப் போட்ட நில வழக்குகள் சில பத்து வருஷம் தாண்டியும் இழுத்தன. மாநிலத்துக்கு முடியாது என்று சொன்ன அந்த மாமனார் இப்போது மத்திய அரசு நோட்டீஸ் வருமா என்று தினம் தபால் பெட்டியைப் பார்க்கிறாராம். மாநிலத்திடமே கையெழுத்துப் போட்டு விலை பேசியிருக்கலாமோ என்று மருமகனிடம் கேட்டிருக்கிறார்.

பாலாஜி_கேட்டி:
திரும்பி வரும் பணத்தில் விற்பனை வரியைக் குறைப்பார்களா அண்ணா?

ஹூஸ்டன் குமரன்:
சட்டமன்றம் இனி வழக்கமாகக் கூடுவது 2027 ஜனவரியில். அதற்குள் எத்தனை துறை கை நீட்டும் என்று பார். உன் பில்லில் 8.25 தான்.